குழி, ரேம்ப், லிஃப்ட், ஸ்டாண்டு: தோட்டத்து ஷெட்டில் கார் வேலைக்கு எது தோது?

வீட்டிலேயே கார் வேலை பார்க்க ஷெட் போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கூரையைப் பற்றியோ ஸ்பேனர் செட்டைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. வண்டிக்கு அடியில் எப்படிப் போகப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அது முடிவாகிவிட்டால் தளத்தின் கனம், கூரையின் உயரம், கரண்ட் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். அதை விட்டுவிட்டு ஷெட்டைக் கட்டினால் அப்புறம் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில், பழைய மாருதி 800-க்காக ஷெட் போடும் முன்பு நான்கு வழிகளையும் டேப் வைத்து அளந்தும் நாலு பேரைக் கேட்டும் பார்த்தேன்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குழிதான். நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. இயந்திரம் ஏதும் வேண்டாம். தோண்டி, சுவர் கட்டி, படி வைத்தால் முடிந்தது. அளவில் மட்டும் கவனம் வேண்டும். 800-இல் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடு அளவு சுமார் 1.2 மீட்டர். டயர் அகலத்தைக் கழித்தால் உள்ளே மூன்றரை அடி கூட முழுதாக இல்லை. குழி இரண்டரை அடிக்கு மேல் அகலமானால் வண்டியை ஏற்றும்போது நெஞ்சு படபடக்கும். ஆழம் நம் உயரத்தைப் பொறுத்து நாலரை முதல் ஐந்து அடி.

ஆனால் மண் இடம் கொடுக்க வேண்டும். செம்மண்ணில் பிரச்சினை குறைவு. எங்கள் தோட்டம் பாதி கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேஸ்திரி இடத்தைப் பார்த்தவுடன், "கருப்பு மண்ணுங்க, வெறும் கட்டுச் சுவரு நிக்காதுங்க. கம்பி கட்டித்தான் போடோணும்" என்றார். கம்பி, கான்கிரீட் என்று போனால் சிக்கனம் என்ற பேச்சே போய்விடுகிறது. கோபிப் பக்கம் வாய்க்கால் பாசனத் தோட்டத்தில் என் மாமா சித்திரையில் குழி வெட்டினார். அப்போது புழுதிதான் பறந்தது. ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிச் சில வாரங்களில் குழியில் முழங்கால் அளவு கசிவு நீர். இன்று அது பலகை போட்டு மூடிக் கிடக்கிறது.

மண்ணும் நீரும் சரியாக அமைந்தாலும் காற்று ஒன்று இருக்கிறது. எனக்கு உண்மையான பயம் அதில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஃபில்டர் மாற்றும்போது கொஞ்சம் சிந்தினாலும் ஆவி குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். அங்கே ஒரு பல்பு உடைந்தாலோ சுவிட்சில் பொறி பறந்தாலோ போதும். எல்.பி.ஜி. வண்டியானால் கசிந்த வாயுவும் அப்படியே அடியில்தான் போய்த் தேங்கும். குழியில் ஆள் நிற்கும்போது எஞ்சினை ஓடவிடவே கூடாது. சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது, ஆள் மயங்கும்வரை தெரியாது. குழிதான் வேண்டும் என்றால் அடிமட்டத்துக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் வழியையும், உடையாத உறை போட்ட 12 வோல்ட் விளக்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வேலை முடிந்ததும் பலகை போட்டு மூடுங்கள். பிள்ளைகளும் கன்றுக்குட்டியும் ஓடும் இடம் அது.

குழி தருவதில் முக்கால்வாசியை ரேம்ப் தருகிறது, அந்த ஆபத்து இல்லாமல். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: சக்கரம் ஏற இரண்டு கான்கிரீட் தடங்கள், நடுவில் நாம் நிற்கும் இடம். காற்று நன்றாக ஓடும், தண்ணீர் தேங்காது. நாலடி உயரத்துக்கு ஏற, அடிக்கு ஐந்தடி என்று சரிவு வைத்தால் இருபதடி. வண்டி நிற்கப் பன்னிரண்டடி. மொத்தம் முப்பத்திரண்டு அடி நீளம் வேண்டும். ஐந்து சென்ட் மனையில் இதற்கு இடம் ஏது? தோட்டத்தில் இடம் உண்டு. அதிலும் நிலம் இயல்பாகவே சரிந்திருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு போகலாம், பாதிச் செலவு மிச்சம். குறை ஒன்றுதான்: வண்டி சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. ஆயில் மாற்ற, சைலன்சர் கழற்ற அருமை. பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு உதவாது.

இரண்டு தூண் லிஃப்ட் வண்டியை அடியில் தாங்கித் தூக்கும், சக்கரங்கள் தொங்கும். அதனால் எல்லா வேலைக்கும் உதவும். நானும் ஆசைப்பட்டேன். விலை லட்சத்தைத் தொடும், அதோடு நிற்காது. தூண்களைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்பதால் அந்த இடத்தில் தளம் ஆறு அங்குலமாவது நல்ல கான்கிரீட்டாக இருந்தால்தான் நிம்மதி. வண்டி உயரம் 1.4 மீட்டர், தூக்கும் உயரம் 1.8 மீட்டர், ஆக உத்தரம் பன்னிரண்டு அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. மும்முனை மோட்டார் என்றால் வீட்டு ஒருமுனை இணைப்பு போதாது. தோட்டத்து மோட்டாருக்கு வந்த இலவச மின்சாரத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். விவசாயத்துக்குக் கொடுத்ததை வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். வாராவாரம் வண்டிக்கு அடியில் இருப்பவருக்கு லிஃப்ட் தகும். மாதம் ஒருமுறை என்றால் பணம் சும்மா நிற்கும்.

கடைசி வழி, வண்டியைத் தூக்க ட்ராலி ஜாக்கியும், தூக்கிய வண்டியை அடியில் தாங்கி நிற்க நான்கு இரும்பு ஸ்டாண்டும். சில ஆயிரத்தில் முடிந்துவிடும், மூலையில் வைத்துவிடலாம். படுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், முதுகு வலிக்கும், கண்ணில் தூசி விழும். ஆனாலும் 800 போன்ற 650 கிலோ வண்டிக்கு இதுவே போதும். கிளட்ச் மாற்றும் வேலை வரை இதிலேயே செய்திருக்கிறேன். ஒரே நிபந்தனை, தளம் கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். மண்ணிலோ கிராவலிலோ ஸ்டாண்டு ஒரு பக்கம் புதைந்தால் வண்டி சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம் கூட அடியில் போகாதீர்கள். உள்ளே ஒரு சீல் விட்டால் வண்டி நம் மேல்தான் இறங்கும்.

அதனால்தான் பணத்தை முதலில் தளத்தில் போடச் சொல்கிறேன். கரிசலை வழித்து எடுத்து, கிராவல் கொட்டி இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். கூரை அடுத்த வருடம் வந்தாலும் குடி முழுகிவிடாது.

கூரையில் கீற்று வேண்டாம். வெல்டிங் பொறியும் பெட்ரோலும் புழங்கும் இடம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்தாலும் துளைத்தாலும் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கலர் மெட்டல் ஷீட்டைத்தான் போட்டேன். வெயிலில் கொதிக்கும், அதற்கு உயரமும் காற்றுப் போக்கும் வைத்தால் தாங்கலாம். வாசலை மட்டும் மேற்கே வைக்காதீர்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக உள்ளே புகுந்து ஷீட்டைத் தூக்கிவிடும். கழற்றிப் போட்ட எஞ்சினுக்குள் மண்ணையும் கொட்டும். மேற்கே முழுச் சுவர், கிழக்கே வாசல்.

இறுகிய நட்டைக் கழற்றக் காற்றுக் கம்ப்ரஸரா, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சா என்று கேட்டால், பெயிண்ட் அடிக்கப் போகாதவர்களுக்குப் பேட்டரி ரெஞ்சே போதும். வெல்டிங்குக்கு ஒருமுனையில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் மிஷின் வாங்கினேன். சாமான் வைக்கும் ஸ்டாண்டு, பென்ச் செய்ய அது சரி. பாடித் தகரத்தில் வைத்தால் ஓட்டை விழும். அதற்கு மிக் வெல்டிங் வேண்டும். ஊருக்கு ஊர் நல்ல டிங்கர் இருக்கும்போது அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைக்கு ஷெட்டுக்குள் ஸ்டாண்டு, வெளியே நிலச் சரிவில் ரேம்ப். லிஃப்ட் என்றைக்காவது வரும் என்று இரண்டு இடத்தில் தளத்தை ஆறு அங்குலமாகப் போட்டு, உத்தரத்தைப் பன்னிரண்டு அடியில் வைத்துவிட்டேன். அந்த இரண்டு இடமும் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதைச் சுவரிலேயே சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். தளம் முழுக்க ஆயில் கறை ஏறிய பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.