மாமியின் கவுலுக்கு நூல் வாங்கிய கதை

முதலில் நெருப்புக்குச்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமிக்கு ஒரு கவுல், அதாவது கழுத்தைச் சுற்றிப் போடும் பின்னல் குழாய், பின்னுவதற்காக இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய நூல் உருண்டையில் ‘நூறு வீதம் மெரினோ’, அதாவது முழுக்க மெரினோச் செம்மறிக் கம்பளி, என்று போட்டிருந்தது. தொட மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் பத்து நிமிடம் பின்னியதும் கை நசநசத்தது, ஊசியில் கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்தது. சந்தேகத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, குசினித் தொட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினேன். செம்மறியின் கம்பளி என்றால் தலைமயிர் பொசுங்கிய மணம் வரும், சாம்பலை விரலால் நசுக்கலாம். இது உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது. சுத்த அக்ரிலிக், செயற்கை நூல். படமெடுத்து அனுப்பினேன். “எல்லாரும் இதைத்தானே வூல் எண்டு சொல்றது, சிஸ்” என்று பதில் வந்தது. காசு வரவில்லை.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். கொழும்பில் வூல் என்றால் பின்னுகிற நூல் எல்லாமே வூல்தான். குழந்தைத் தொப்பிக்கும், வாசல் தோரணத்துக்கும், பள்ளிக்கூடக் கைவேலைக்கும் அதே சொல். இந்த வெக்கையில் யார் அதைப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் காற்றாடி மூன்றில் சுழலும்போதுதான் நான் ஊசியையே எடுப்பேன்.

ஆனால் இந்தக் கவுல் மாமிக்கு. அவர் இருப்பது நுவரெலியாவில், கடலிலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில். மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போவார். சால்வை போட்டால் கும்பிடக் கையைத் தூக்கும்போது ஒரு தலைப்பு சரியும். அதை எடுத்துப் போட்டால் மற்றது சரியும். கவுலில் அந்தத் தொல்லை இல்லை. தலைப்பே கிடையாது, குழாய் மாதிரித் தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் இன்னொரு காரணமும் உண்டு. கற்பூரத் தட்டை ஒற்றிக்கொள்ளக் குனிகிறவர் கழுத்தில் உருகிச் சொட்டும் நூலைச் சுற்றிவிட எனக்கு மனமில்லை. கம்பளி லேசில் பற்றாது, சொட்டாது.

ஆகவே 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டிக் கெய்சர் வீதிப் பக்கம் நடந்தால், பொத்தான், லேஸ், ரிப்பன் விற்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து போய்விட்டது, மீதியை மேல்மாடிக் கடையின் பலகை மறைக்கிறது. வாசலில் தொங்கும் குறோஷே பொம்மைகள்தான் அடையாளம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்.

இந்தக் கடைக்கு நான் ஐந்துக்கு நான்கரை கொடுப்பதற்குக் காரணம் கல்லாவிலிருந்த நானா. “வூல் வேணும் நானா” என்றேன். “நெச வூலா, சும்மா வூலா?” என்று கேட்டார். கொழும்பில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் கடைக்காரர் அவர்தான். தனிக் கம்பளி தன்னிடம் இல்லை என்று உடனே சொல்லிவிட்டார். ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பாதி கம்பளி, பாதி அக்ரிலிக், 50 கிராம் உருண்டை, 100 மீற்றர் நீளம். பட்டுப்போன மாவிலை நிறம். நான் தயங்குவதைப் பார்த்து, கேட்காமலே ஒரு நுனியை வெட்டி வாசலுக்குக் கொண்டுபோய் லைட்டரைப் பிடித்தார். மயிர் மணமும் வந்தது, நுனியில் சின்ன மணியும் இறுகியது. “ரெண்டும் ஈக்கி, பாத்தீங்களா தங்கச்சி” என்றார். முழுக் கம்பளி கிடைக்காத ஊரில் இந்த நேர்மை போதும் என்று எடுத்துக்கொண்டேன். சொட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். மாமி பூசைத் தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கட்டும்.

உருண்டை 620 ரூபாய். மூன்று எடுத்தேன். லேபிளில் சாயத்தொட்டி எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட உருண்டைகளுக்கு இடும் எண்ணை, பார்த்தபோது இரண்டு ஒரே எண், மூன்றாவது வேறு. கடை வெளிச்சத்தில் ஒன்றுபோல இருந்தவை வெயிலில் பிடித்ததும் வேறு வேறாகத் தெரிந்தன. இதையும் நானாவே சொன்னார். உருண்டையைப் பிரிக்காவிட்டால் திருப்பி எடுப்பாராம். நீங்கள் வாங்கும்போது லேபிளில் அந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உருண்டையை மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும்.

ஊசியில்தான் நான் கோட்டை விட்டேன், அது கடையின் பிழை இல்லை. நான் பார்த்துப் பின்னியது ஒரு அமெரிக்கப் பின்னல் குறிப்பு. எட்டாம் நம்பர் ஊசி என்றிருந்தது. அம்மாவின் தகரப்பெட்டியில் எட்டாம் நம்பர் இருக்கிறதே என்று அதில் மாதிரித்துண்டு பின்னினேன். லேபிளில் பத்து சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி என்றிருக்க, எனக்கு 22 வந்தது. அம்மாவுடையது பழைய பிரித்தானிய எட்டு, அதாவது 4 மில்லிமீற்றர். அமெரிக்க எட்டு 5 மில்லிமீற்றர். நான் போடவிருந்தது 108 கண்ணி. 18 கணக்கில் அது 60 சென்ரிமீற்றர் சுற்றளவு. 22 கணக்கில் 49தான். மாமியின் கொண்டையை அது தாண்டியிருக்காது. நம்பரை மறந்துவிட்டு மில்லிமீற்றரைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி பஸ். மறுபடி நானா. 5 மில்லிமீற்றர் மூங்கில் வட்ட ஊசி (இரண்டு ஊசிமுனைகளை ஒரு கேபிள் இணைக்கும்), 40 சென்ரிமீற்றர் நீளம், 750 ரூபாய். 80 சென்ரிமீற்றர் ஊசியும் அதே விலைக்கு இருந்தது. நீளமானதுதானே லாபம் என்று எடுத்துவிடாதீர்கள். 60 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள வேலை 80இல் எட்டாமல் இழுபடும். மூங்கில் எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவின் அலுமினிய ஊசி வியர்த்த கையில் வழுக்கும், கண்ணிகள் நழுவும். இது பிடித்து வைத்திருக்கிறது. குறை என்றால் இரண்டு. கேபிள் பெட்டிக்குள் சுருண்டபடியே விறைத்திருந்தது, சுடுநீரில் அமிழ்த்தி நீவ வேண்டியிருந்தது. மூங்கிலும் கேபிளும் சேரும் இடம் சொரசொரப்பு, நூல் அங்கே சிக்குகிறது. நகம் தேய்க்கும் கட்டையால் தேய்த்துச் சமாளித்தேன். அந்த அரை மதிப்பெண் அதற்குத்தான் போனது.

பின்னியது சாதாரண இரண்டுக்கு இரண்டு ரிப், அதாவது இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மறுபுறமாக. 108 நான்கால் வகுபடும், அதனால் கணக்கு இடிக்காது. ஓரமும் சுருளாது. முதல் தடவை வட்டத்தைச் சேர்க்கும்போது கண்ணிகள் ஊசியில் ஒருமுறை முறுக்கிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. மூன்று சென்ரிமீற்றர் பின்னிய பிறகு பார்த்தால் தோரணம் மாதிரித் திருகியிருந்தது. முழுவதையும் அவிழ்த்தேன். நூல் அவிழ்த்துப் பின்னியும் பஞ்சு பறக்கவில்லை என்பதை நல்ல குறிப்பாகச் சொல்லலாம். 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இரண்டு உருண்டையே போதும், கொஞ்சம் மிச்சமும் வந்தது. கழுவித் தட்டையாகப் போட்டுக் காய வைத்தேன், தொங்கவிட்டால் நீளும். வெள்ளவத்தை ஈரக்காற்றில் காய இரண்டு நாள் எடுத்தது.

கடைக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும். சில்லறையோடு போங்கள், கார்ட் எடுப்பதில்லை.

மார்கழி முடிந்ததும் மாமி கோல் எடுத்தார். “நல்ல சூடு பிள்ளை, சரியவே இல்லை. ஆனா இழுத்துவிட்டா காதை மூடுது, ஐயர் பாடுறது கேக்கேல்லை. அடுத்ததைக் கொஞ்சம் கட்டையாப் பின்னு” என்றார். நானாவிடம் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த மூன்றாவது உருண்டை இன்னும் மேசையில்தான் இருக்கிறது.