பிளாஸ்டோசிஸ்ட் என்று பில் போட்டு மூன்றாம் நாள் கருவை வைத்தார்கள்

ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கோவையில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையம். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

முட்டை எடுத்த மறுநாள் அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஃபோனில் கூப்பிட்டார். "அம்மிணி, ஏழு கரு வந்திருக்குதுங்க. பிளாஸ்டோசிஸ்ட் வரைக்கும் வளர்த்து ஃப்ரீஸ் பண்ணீட்டா சான்ஸ் அதிகமுங்க. அதுக்குத் தனியா 35,000 ஆகுமுங்க." விலை ஏறட்டும் என்று மாமியார் இருப்பு வைத்திருந்த மஞ்சளை ஈரோட்டில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பணத்தைக் கட்டினோம். பில்லில் 'பிளாஸ்டோசிஸ்ட் கல்ச்சர்' (கருவை ஐந்தாறு நாள் வரை லேபில் வளர்ப்பது) என்றே இருக்கிறது.

கரு மூன்றாம் நாளில் ஆறு முதல் எட்டு செல்லோடு இருக்கும். ஐந்தாம், ஆறாம் நாளில்தான் உள்ளே நீர் கோத்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். உள்பக்கச் செல்கள் குழந்தையாகும், வெளிச்சுற்று நஞ்சுக்கொடியாகும். பல கருக்கள் அதுவரை வளராமல் நடுவிலேயே நின்றுவிடும். தாண்டி வந்ததற்கு ஒட்டும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் அந்த இரண்டு மூன்று நாள் லேப் வேலைக்குத் தனிக் காசு. கரு குறைவாக இருந்தால் மூன்றாம் நாளிலேயே வைக்கும் டாக்டர்களும் உண்டு, அது தப்பே இல்லை. அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பிறகொரு மாதத்தில் இரண்டு கருவை வைத்தார்கள். கர்ப்பம் தரித்ததா என்று பார்க்கும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அது யார் கையிலும் இல்லை, அதற்காக இந்தப் பதிவும் இல்லை.

அப்புறம் ஈரோட்டில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஃபைலைப் புரட்டி, மாத்திரைச் சீட்டில் விரலை வைத்து நிறுத்தினார். கருப்பையைத் தயார் செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசி ஆரம்பித்தது வியாழன், கரு வைத்தது ஞாயிறு. "இது பிளாஸ்டோசிஸ்ட்டுனு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். உறைய வைத்த கருவை வைக்கும்போது கருப்பையைக் கருவின் வயதுக்கு ஒத்துத் தயார் செய்வார்கள். வழக்கமாக மூன்றாம் நாள் கரு என்றால் புரோஜெஸ்டிரோனின் நான்காம் நாள், பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஆறாம் நாள். அந்தக் கணக்குப்படி எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வைத்திருக்க வேண்டும்.

கோவை மையத்தில் லேப் ரிப்போர்ட் கேட்டால், "அதெல்லாம் வெளியே குடுக்கறதில்லீங்க" என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதியே இருக்கிறது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஒரு தாள் வந்தது: 'டே 3, 8 செல், கிரேடு 1'. எல்லாக் கருவுக்கும் அதே வரி. கேட்டதற்கு முதலில் "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார்கள். பிறகு, கரு நன்றாக இருந்ததால் டாக்டர் முன்கூட்டியே ஃப்ரீஸ் செய்யச் சொன்னார் என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும், 35,000 எதற்கு வாங்கினீர்கள் என்றால் பதில் இல்லை.

பிளாஸ்டோசிஸ்ட் என்று யாராவது சொன்னால் கிரேடை எழுத்தில் கேளுங்கள். 4ஏஏ, 3பிபி என்ற மாதிரி இருக்கும். எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு, முதல் எழுத்து உள்செல்லுக்கு, இரண்டாவது வெளிச்சுற்றுக்கு. செல் எண்ணிக்கை மட்டும் போட்டிருந்தால் அது பிளாஸ்டோசிஸ்ட் இல்லை. ஃப்ரீஸ் செய்த தேதியையும் வாங்கி, முட்டை எடுத்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டும் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டிய விஷயம், கட்டிய பிறகு ஒருத்தரும் முகம் கொடுப்பதில்லை.

எங்கள் மீதிக் கருக்கள் இன்னும் அவர்களுடைய நைட்ரஜன் தொட்டியில்தான் இருக்கின்றன. செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம், ஆனால் வருடா வருடம் வாடகை அவர்களுக்குத்தான். ஈரோட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போன வாரம் அந்தக் கவுன்சிலரே கூப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார். முதலில் கருக்களைக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.