திறந்து விட வேண்டியத பூட்டி வச்சிருக்காங்க: ஒரு கேம் ஹோஸ்டிங் பேனல் அனுபவம்

மூணு மாசமா ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டு இருக்கேன், அக்கா பையனும் அவன் கிளாஸ் பசங்களும் வெளாடுறதுக்கு. 4 ஜிபி ரேம், மும்பை லொக்கேஷன், பிங்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கம்பெனி பேரு போடல, சண்ட போட வரல, சர்வர கண்ட்ரோல் பண்ண அவங்க குடுக்கற வெப் பக்கம் இருக்கே, அந்த பேனல்ல நமக்கு எதெல்லாம் மாத்த விடுறாங்கங்கறது பத்தி மட்டும் தான் சொல்லப் போறேன்.

உள்ள ஓடுறது டெரோடாக்டைல் பேனல். ஓப்பன் சோர்ஸ், ஒவ்வொரு சர்வரும் டாக்கர் கன்டெய்னர்ங்கற தனித்தனி அடைப்புக்குள்ள ஓடும், அதனால நாம ஒரு செட்டிங்க்ஸ சொதப்பினா நம்ம சர்வர் தான் படுக்கும், பக்கத்து ஆளோடது பாட்டுக்கு ஓடும். இதுல சர்வர் எப்படி கெளம்பணும்னு செட் பண்ற ஸ்டார்ட்அப் பக்கத்துல வர்ற ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கஸ்டமர் பாக்கலாமா, மாத்தலாமான்னு ரெண்டு டிக் இருக்கு, அத போடுறது ஹோஸ்ட், அதாவது வாடகைக்கு விடுற கம்பெனி, கையில. அதனால ஒரே பேனலா இருந்தாலும் கடைக்குக் கடை அனுபவம் வேற.

இவங்க, கேம் செட்டிங்க்ஸ் எல்லாம் இருக்கற சர்வர்.ப்ராப்பர்டீஸ் ஃபைல தொடவே வேணாம்னு தனியா ஒரு பக்கம் செஞ்சு குடுத்திருக்காங்க. ஸ்விட்ச், ஸ்லைடர், டிராப்டவுன்னு பாக்க அவ்ளோ நீட்டா இருக்கு. ஒரு ஈக்வல் டு விட்டுப்போச்சுன்னு அரை மணி நேரம் முழிச்சிட்டு இருந்த காலமெல்லாம் பாத்தவன் நான், அதனால மொத நாள் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனா சேவ் அமுக்கினா பச்ச கலர்ல 'சேமிக்கப்பட்டது'ன்னு வரும், அதோட சரி. ரீஸ்டார்ட் பண்ணா தான் வேல செய்யும்னு ஒரு வரி கூட கெடையாது. மேக்ஸ் பிளேயர்ஸ 20லேந்து 30 ஆக்கிட்டு ஏன் மாறலன்னு நானே ரெண்டு தடவ ஏமாந்தேன்.

பெரிய கூத்து ஆன்லைன் மோடு, உள்ள வர்றவன் காசு குடுத்து வாங்கின அக்கவுண்ட் தானான்னு செக் பண்ற ஸ்விட்ச். அக்கா பையனுக்கு சப்யூசர், அதாவது பேனல்ல என் கீழ இன்னொரு லாகின், குடுத்திருந்தேன். காசு குடுத்து கேம் வாங்காத ஃப்ரெண்டு ஒருத்தன் உள்ள வரணும்னு அவன் அந்த ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட்டும் குடுத்துட்டான். ராத்திரி பத்து மணிக்கு ஃபோன், "மாமா, என் டயமண்ட் எல்லாம் காணோம், பெட்டி அப்படியே இருக்கு, கையில வச்சிருந்தது மட்டும் எல்லாருக்கும் போச்சு". போகல டா, ஆன்லைன் மோட ஆஃப் பண்ணா ஒவ்வொருத்தருக்கும் யூயூஐடிங்கற அடையாள நம்பர் மாறிடும், சர்வர் உங்கள எல்லாம் புது ஆளுங்கன்னு நெனச்சிக்குதுன்னு சொல்லி திரும்ப ஆன் பண்ணேன், எல்லாம் வந்துச்சு. அது போகட்டும், அது ஆஃப்ல இருக்கற வரைக்கும் எவன் வேணா என் பேர டைப் பண்ணிட்டு நான்தான்னு உள்ள வந்திருக்கலாம். இவ்ளோ வெவகாரமான ஸ்விட்ச்ச கேம் மோடுக்கு பக்கத்துல, அதே சைஸ்ல, ஒரு எச்சரிக்கையும் இல்லாம வச்சிருக்காங்க.

எவ்ளோ தூரம் உலகம் தெரியணும்னு செட் பண்ற வியூ டிஸ்டன்ஸ் ஸ்லைடரும் அப்படித்தான், 32 வரைக்கும் இழுக்கலாம். 10 வச்சா ஒரு ஆளச் சுத்தி 21க்கு 21, 441 சங்க் (உலகத்த வெட்டி வச்சிருக்கற துண்டு). 32 வச்சா 65க்கு 65, நாலாயிரத்த தாண்டும். 4 ஜிபி பிளான்ல இத ஓப்பனா விட்டா பசங்க இழுக்காம இருப்பாங்களா? கன்சோல் பூரா 'கான்ட் கீப் அப்'னு, அதாவது ஈடு குடுக்க முடியலன்னு, வரிசையா கொட்டுச்சு, மாடு வெட்டினா மூணு செகண்ட் கழிச்சு தான் விழுது. பிளானுக்கு ஏத்த மாதிரி 12 கிட்ட ஒரு மஞ்ச கோடு போட்டிருந்தாலே போதும்.

சரி, தாராள மனசு, எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டாங்கன்னு நெனச்சா, கேம் சர்வர் ஓடுறதுக்கு வேணும்ங்கற ஜாவா வெர்ஷன் மட்டும் பூட்டு! மைன்கிராஃப்ட்ட 1.20.4லேந்து 1.21க்கு ஏத்தினேன், சர்வர் எழுந்திருக்கவே இல்ல, லாக்ல கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65, எனக்கு 61 வரைக்கும் தான் தெரியும்னு திட்டுது. 65ன்னா ஜாவா 21, 61ன்னா ஜாவா 17, 1.20.5லேந்தே 21 இல்லாம நடக்காது. டெரோடாக்டைல்ல ஹோஸ்ட் ஒவ்வொரு ஜாவா வெர்ஷனுக்கும் ஒண்ணா ரெண்டு மூணு டாக்கர் இமேஜ லிஸ்ட்ல போட்டு வச்சா நாமளே டிராப்டவுன்ல மாத்திக்கலாம், பத்து செகண்ட் வேல. இவங்க ஒண்ணே ஒண்ண மட்டும் போட்டு வச்சிருக்காங்க. அவங்க சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன், சனி ஞாயிறு போச்சு, பசங்க கிட்ட பேச்சு வாங்கினது தான் மிச்சம். மாத்திக் குடுத்தவரு என்னவோ நல்லா மரியாதையா தான் பேசினாரு.

சர்வருக்கு கனெக்ட் பண்ற போர்ட் நம்பர பூட்டி வச்சது மட்டும் சரி. ஃபைல்ல நான் 25565ன்னு அடிச்சாலும் ஸ்டார்ட் ஆகும்போது அவங்க ஒதுக்கின நம்பர பேனலே திரும்ப எழுதிடுது. ஒரே மெஷின்ல அத்தன பேரு இருக்கும்போது ஆளாளுக்கு ஒரு போர்ட்ட புடிச்சா விடியாது.

அஞ்சுக்கு மூணு. வாங்குறவங்க காசு கட்டறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்அப் பக்கத்தோட ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்க, ஜாவா டிராப்டவுன்ல எத்தன இருக்குன்னு பாருங்க. நான் வருஷ பிளானுக்கு போகல, இன்னும் ஒரு மாசம் மட்டும் கட்டியிருக்கேன், அக்கா பையனோட சப்யூசர்ல ஃபைல் எடிட், ஸ்டார்ட்அப் ரெண்டு பர்மிஷனையும் எடுத்துட்டேன். ரெண்டு நாளா என்கிட்ட பேசறதில்ல.