கல்லாவின் மேல் ஒரு சவுண்ட் பாக்ஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் கல்லாவின் மேல் சவுண்ட் பாக்ஸ் வைத்தேன். போனில் அனுப்பிய பணம் கணக்கில் ஏறியதும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டி அது. வாங்கலாமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் க்யூஆர் அட்டை மட்டும் இருந்தது. பணம் வந்த செய்தி என் போனுக்குத்தான் வரும். நான் சரக்கெடுக்கப் போய்விட்டால், கடையில் நிற்கும் தம்பி ஒவ்வொரு ஐம்பது ரூபாய்க்கும் என்னை அழைத்து, “வந்துவிட்டதா அண்ணே?” என்று கேட்க வேண்டும். அதுவரை வாங்கியவர் பையோடு காத்து நிற்பார். ஒருமுறை ஒருவர் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி 640 ரூபாய்ச் சாமானோடு போய்விட்டார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றான் தம்பி. நான் பிடிக்கவில்லை, ஆனால் அவன் முகம் பல நாள் மனதை விட்டு அகலவில்லை. மறுவாரமே பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. பணம் கணக்கில் ஏறினால் செய்தி நேரே அதற்கு வரும், என் போன் எங்கே இருந்தாலும் கவலையில்லை. பெட்டி சொன்னால் சாமான் கொடு, சொல்லாவிட்டால் பொறு என்பதே கடையின் விதி. தம்பி யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாத வாடகை 125 ரூபாய். இதற்காகவே அதைக் கொடுக்கலாம்.

குறையும் உண்டு. முதல் மாதத்தில் சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன். துறைமுக ஏலம் முடிந்து வந்த மீன்காரம்மா ஒருவர் 22 ரூபாய்க்குப் புளியும் கடுகும் வாங்கினார். பெட்டி தெருவுக்கே கேட்கும்படி, “இருபத்திரண்டு ரூபாய் பெறப்பட்டது” என்றது. பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பிறகு பல நாள் காசாகவே கொடுத்தார். ஒருவர் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்றே பெட்டியைக் கல்லாவின் உட்பக்கம் திருப்பி, சத்தத்தை இரண்டு கோடாகக் குறைத்தேன். இதைப் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் சொல்லித் தருவதில்லை.

உப்புக்காற்று இன்னொரு தொல்லை. ஒரே ஆண்டில் சார்ஜ் குத்தும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இப்போது இரவில் துணி போட்டு மூடுகிறோம், வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் துடைக்கிறோம். பேட்டரி முதலில் நான்கு நாள் நின்றது, இப்போது மாலைக்குள் இறங்கிவிடுகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்கும் வந்தது. மின்சாரம் இல்லை, சிக்னலும் வந்து வந்து போனது. பால் பவுடருக்கும் மெழுகுவத்திக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் குறைந்துவிடும், பெட்டியோ வாயே திறக்காது. அன்று மட்டும் விதியைத் தள்ளிவைத்தோம். கணக்கு நோட்டை எடுத்துப் பெயரும் தொகையும் எழுதிச் சாமானைக் கொடுத்தோம். மொத்தம் 17 பெயர். பதினான்கு பேரின் பணம் பிறகு வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்குத் திரும்பிப் போயிருந்தது, அவர்களே வந்து கொடுத்தார்கள். ஒரு பெயர் இன்னும் நோட்டில் இருக்கிறது, நான் கேட்கவில்லை.

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் 2019 விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். பதறி வருகிறவர்களுக்கு அதைக் காட்டினால் போதும்.

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிகளுக்காகச் சில்லறை டப்பாவும் பற்று நோட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

வாங்குங்கள். பேட்டரி போனால் மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்குத் தம்பியே கடையைத் திறக்கிறான். நான் ஏழு மணிக்கு வருகிறேன்.