512-ஆ 4096-ஆ: ஆறு டிஸ்க் ஸ்டோரேஜ் சர்வரில் செக்டர் அளவு படுத்திய பாடு

டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவு, விலை, வாரண்டி எல்லாம் பார்ப்போம். செக்டர் அளவை, அதாவது டிஸ்க் ஒரே தடவையில் படித்து எழுதும் மிகச் சிறிய துண்டின் அளவை, பார்ப்பவர் குறைவு. லோ யாட் பிளாசாவில் புதிதாக எடுத்த சாட்டா டிஸ்க் நான்கு, கழித்துக்கட்டிய சர்வரிலிருந்து வந்த எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க் இரண்டு என்று கலந்து கட்டிய பெட்டியில், தொல்லை தந்தவற்றில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நின்றன. நீண்ட நாள் ஓட்டியபின் தீர்ப்பு இதுதான்: டிஸ்க் என்ன சொன்னாலும், சேமிப்பை உருவாக்கும்போது 4096 என்று நீங்களே கையால் கொடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் டிஸ்க் பொய் சொல்லும். 512என் வகையில் உள்ளேயும் வெளியேயும் 512 பைட். 4கேஎன் வகையில் இரண்டும் 4096. நடுவில் இருக்கும் 512இ தான் கடைகளில் அதிகம்: உள்ளே 4096, வெளியே 512 என்று வேஷம். இதில் 512 பைட் எழுதச் சொன்னால், டிஸ்க் முழு 4096 பைட்டையும் படித்து, திருத்தி, தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்து எழுதும். 7200 ஆர்பிஎம் டிஸ்கில் ஒரு சுற்று 8.3 மில்லிசெகண்ட். சின்னச் சின்ன எழுத்துகள் குவியும்போது வேகம் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு விடை இதுவே. லினக்ஸில் டிஸ்க் விவரம் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் லாஜிக்கல் (வெளியே காட்டுவது), ஃபிசிக்கல் (உள்ளே இருப்பது) இரண்டு பத்திகளையும் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் 512 என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். உண்மை அளவை மறைக்கும் மாடல்களுக்காகவே, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக்கும் கோப்பமைப்பான இசட்எஃப்எஸ்ஸின் மூலநிரலில் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

இசட்எஃப்எஸ்ஸில் இந்த அளவுக்குப் பெயர் ஏஷிஃப்ட். 9 என்றால் 512, 12 என்றால் 4096, இரண்டின் அடுக்கு. விடெவ் (ஒன்றாக இயங்கும் டிஸ்க் குழு) உருவாகும் நொடியில் பதிவாவது, பிறகு மாற்ற வழியே இல்லை. ஏஷிஃப்ட் 9-இல் கட்டிய பூலில் (விடெவ்கள் சேர்ந்த மொத்தச் சேமிப்பு) ஒரு டிஸ்க் செத்து, மாற்றாக 4கேஎன் வாங்கி வந்தால் ரீப்ளேஸ் கட்டளை மறுத்துவிடும். 512இ போட்டால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் மேலே சொன்ன படித்துத் திருத்தி எழுதும் வேலை அன்றிலிருந்து ஆரம்பம். இன்னொரு பொறி: பூலை ஏஷிஃப்ட் 12-இல் சரியாகக் கட்டிவிட்டு, பின்னாளில் புது விடெவ் சேர்க்கும்போது அந்த ஆப்ஷனை மறப்பது. ரெய்ட்-இசட் (டிஸ்க் செத்தாலும் டேட்டாவை மீட்கும் அமைப்பு) பூலில் சேர்த்த விடெவ்வைக் கழற்ற முடியாது. பேக்கப் எடுத்து முழுப் பூலையும் மீண்டும் கட்டுவதுதான் கதி. ஆகவே உருவாக்கியதும் இசட்டிபி கட்டளையால் எல்லா விடெவ்விலும் 12 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டேட்டாவை ஏற்றவேண்டும்.

12-க்கு விலையும் உண்டு. ஆறு டிஸ்க் ரெய்ட்-இசட்2-இல் விர்ச்சுவல் மெஷினுக்காக 8கே வால்யூம் பிளாக் வைத்தால், டேட்டா 2 செக்டர், பாரிட்டி (டிஸ்க் செத்தால் மீட்க வைக்கும் கணக்கு) 2. மொத்தம் மூன்றின் மடங்காக வரவேண்டும் என்பதால் இன்னும் 2 வீண். 8கே எழுத 24கே போகிறது. அதையே 16கே ஆக்கினால் 4 டேட்டா, 2 பாரிட்டி, வீண் ஏதுமில்லை. அதே 24கேயில் இரட்டிப்பு டேட்டா. ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.2 முதல் டீஃபால்ட்டே 16கே. பழைய பதிப்பில் உருவாக்கியவர்கள் ஒருமுறை சரிபார்க்கலாம்.

யூஎஸ்பி டாக்கில் (டிஸ்கை யூஎஸ்பி வழியே இணைக்கும் பெட்டி) வைத்து ஃபார்மட் செய்யும் பழக்கத்தை விடவேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கைச் சில டாக்குகள் 4096 பைட் செக்டராகக் காட்டும், பழைய விண்டோஸுக்கும் தெரியட்டும் என்று. அதே டிஸ்கைக் கழற்றி சர்வரின் சாட்டா போர்ட்டில் மாட்டினால் பார்ட்டிஷன் எதுவும் இல்லை என்று வரும். காரணம் எளிது: பார்ட்டிஷன் விவரம் வைத்திருக்கும் ஜிபிடி அட்டவணையின் தலைப்பு இருப்பது, 0-இலிருந்து எண்ணினால், 1-ஆம் செக்டரில். டாக்கில் அது 4096-ஆவது பைட், சாட்டாவில் 512-ஆவது பைட். டேட்டா அப்படியே இருக்கிறது, தேடும் இடம்தான் தப்பு. பதறிப்போய் மறுபடி ஃபார்மட் செய்யாமல், அதே டாக்கில் திரும்ப மாட்டி நகலெடுங்கள்.

பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வரும் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் பல 520 பைட்டில் ஃபார்மட் ஆனவை. 512 டேட்டா, 8 சரிபார்ப்பு. லினக்ஸில் கொள்ளளவு பூஜ்ஜியமாகத் தெரியும். பழுதென்று தூக்கிப் போடாதீர்கள். எஸ்ஜி_ஃபார்மட் கட்டளையில் சைஸ் 512, எஃப்எம்டிபின்ஃபோ (சரிபார்ப்பு ஆப்ஷன்) 0 என்று கொடுத்தால் திரும்பிவிடும். ஆனால் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக்கூடாது. போனால் ஃபார்மட் கெட்டுவிட்டது என்று டிஸ்க் படிக்க மறுக்கும், முதலிலிருந்து ஓட்டவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னலுக்குச் சொல்லவே வேண்டாம், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இசட்எஃப்எஸ்ஸுக்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பைப் பயன்படுத்துவோர் எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ கட்டளையில் செக்ட்எஸ்இசட் (செக்டர் அளவு) மதிப்பைப் பார்க்கவும். 512 என்று இருக்கும் கோப்பமைப்பை டிடி கட்டளையால் 4கேஎன் டிஸ்குக்கு நகலெடுத்தால் மவுண்ட் ஆகாது. டிஸ்க்குகளைக் குரூப்பாகச் சேர்க்கும் லினக்ஸ் எல்விஎம், இரண்டு அளவையும் ஒரே குரூப்பில் சேர்க்க மறுக்கும்; கட்டாயப்படுத்த ஒரு செட்டிங் உண்டு, தொடாமல் இருப்பது நல்லது.

512இ டிஸ்கை 4கேஎன் ஆக்கலாமா? சீகேட் எக்ஸோஸில் ஃபாஸ்ட் ஃபார்மட் உள்ள மாடல்களில் ஓப்பன்சீசெஸ்ட் கருவியால் சீக்கிரமே மாறிவிடும், டேட்டா போய்விடும். ஏஷிஃப்ட் 12-இல் ஓடும் பூலுக்கு இதனால் பெரிய லாபம் தெரியவில்லை. பழைய பயாஸ் முறையில் 4கேஎன் டிஸ்கிலிருந்து பூட் ஆகாது, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை வேண்டும். 512இ-ஆகவே விட்டு வையுங்கள். பழைய டிஸ்க் வாங்குவதானால் பணம் கொடுக்கும் முன் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் செக்டர் அளவு வரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் 4கேஎன் முத்திரை இருந்தால், உங்கள் ரெய்ட் கார்டு அதை ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.