மாதிரிக் கப்பலின் ஏராவுக்கும் வங்குக்கும் எந்தப் பலகை? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஏரா கப்பலின் முதுகெலும்பு, வங்கு அதில் குறுக்கே நிற்கும் விலா எலும்பு. இவற்றுக்குப் பலகையை வாங்கும்போது எல்லோரும் தடவிப் பார்ப்பது மேல்பரப்பை. கப்பலுக்குள் போனபின் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கப்பலின் தோலாகும் மெல்லிய மரப்பட்டையை (வெளிப்பட்டை) ஒட்டுவதும், அதைப் பிடிக்கும் பின் ஆணி இறங்குவதும், பட்டை படியச் சரிவு தேய்ப்பதும் விளிம்பில்தான். அதனால் விளிம்பை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏராவுக்கும் வங்குகளுக்கும் இன்றுவரை முதலிடம் பிர்ச் மர பிளைவுட்டுக்கே. 1:64 அளவில் (நிஜக் கப்பலில் 64-ல் ஒரு பங்கு) ஏராவுக்கு 5 மி.மீ., வங்குக்கு 3 முதல் 4 மி.மீ. போதும். அடுக்கு கூடக் கூட நல்லது. மட்டமான பிளைவுட்டில் நடு அடுக்கில் பொந்து இருக்கும். தேய்க்கும்போது அது வெளியே வரும், அந்த இடத்தில் அடித்த பின் ஆணி பிடிக்காது. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும்.

3 மி.மீ. என்று விற்பது பெரும்பாலும் சரியாக 3 இருப்பதில்லை, 2.7 கூட வரும். வெர்னியர் அளவுகோல் வைத்து நாலு மூலையிலும் அளந்த பிறகே காடி (ஏராவும் வங்கும் ஒன்றில் ஒன்று செருகும் வெட்டு) வெட்டுங்கள். ஏராவின் காடி, வங்கின் காடி இரண்டிலும் 0.3 மி.மீ. தளர்வு இருந்தால், 5 மி.மீ. ஏராவின் மேல் வங்கு சுமார் 3 டிகிரி வரை திரும்பும். கேட்க அற்பம்தான். ஆனால் நடுவிலிருந்து 60 மி.மீ. தள்ளி அதுவே 3 மி.மீ.க்கு மேல் பிசகு. பட்டை ஒட்டும்போது பக்கவாட்டில் அலை விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பழி என்னவோ பட்டை மேல் விழுகிறது.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எளிதில் வளையாது, கச்சிதமாக வெட்டுப்படும். அதனால் ஏராவுக்கு ஆசை காட்டும். விளிம்பில் பின் ஆணி அடித்தால் அட்டை மாதிரி இரண்டாகப் பிளக்கும். தண்ணீர் கலந்த பசை பட்டால் உப்பும். பின் ஆணியே அடிக்காமல் கிளாம்ப் மட்டும் வைத்து ஒட்டுபவருக்குச் சரிப்படும். விளிம்புக்கு முதலில் நீர்த்த ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கை பூசி, காய்ந்ததும் லேசாக உரசிவிட்டு ஒட்ட வேண்டும்.

பாஸ்வுட் என்ற மென்மரத் தனிப்பலகை அறுக்கச் சுகம். சிக்கல் வங்கின் மேல் கொம்புகளில்: நார் குறுக்கே ஓடினால், தளத்துக்கு மேல் நீளும் 4 மி.மீ. கொம்பு, கை பட்டாலே ஒடியும். கொம்பின் நீளவாக்கில் நார் ஓடும்படி வரையுங்கள், வேர்ப்பகுதியில் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடுங்கள். மிக இலேசான பால்சா மரத்தை எலும்புக்கூட்டுக்குத் தொடவே வேண்டாம். வங்குகளுக்கு இடையே அடைப்பாக வைக்கலாம், ஆனால் அது பிளைவுட்டைவிட வேகமாகத் தேய்ந்து குழியாகும். மூன்று வங்கையாவது தாண்டும் நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் தப்பலாம். முன்முகத்தில் வளைவு அதிகம் என்பதால் அங்கே பாஸ்வுட் அடைப்பே மேல்.

லேசரில் வெட்டிய பாகமென்றால் கரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரியின் மேல் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. வெளி விளிம்பில் மரநிறம் தெரியும்வரை தேய்க்கலாம். காடிக்குள் மட்டும் ஓரிரு இழுப்போடு நிறுத்துங்கள், இல்லையேல் மேலே சொன்ன தளர்வு வந்துவிடும்.

ஏராப் பலகையைக் கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பாருங்கள். பக்கவாட்டு வளைவு அரை மி.மீ. என்றால் அடைப்புக் கட்டைகள் இழுத்து நேராக்கிவிடும். முறுக்கு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஈரமாக்கிப் பாரம் வைத்தாலும் சில வாரத்தில் திரும்ப வரும். சுவரில் சாய்த்து வைத்த பலகைதான் அதிகம் வளைகிறது.

வங்குகள் வெளியே தெரியும் மாதிரிக்கு பிளைவுட் ஆகாது, அடுக்குக் கோடு காட்டிக்கொடுக்கும். பேரிக்காய் மரம், செர்ரி, மேப்பிள் நல்லவை. செர்ரி வெளிச்சத்தில் கருக்கும் என்பதால் ஒரே பலகையிலிருந்து வெட்டுவது உத்தமம். வால்நட்டின் துளைகள் சிறு அளவில் பெரிதாகத் தெரியும். ஓக்கில் அதோடு இன்னொரு தொல்லை: அதிலிருந்து கசியும் அமில ஆவி, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஈயப் பீரங்கிகளையும் நங்கூரங்களையும் நாளடைவில் வெள்ளைப் பொடியாக அரிக்கும். எம்.டி.எஃப்.பும் இதே வேலையைச் செய்யும். ஈய பாகம் உள்ள மாதிரிக்கு, பெட்டியின் அடிப்பலகையாகக்கூட இவை இரண்டும் வேண்டாம்.