பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி: விண்டோஸ் ஒரு டிஸ்க்கில், கோப்புகள் இன்னொன்றில்

பினாங்கு, பிறையில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நினைவஞ்சலி அட்டை எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம் கொண்ட பழைய டெஸ்க்டாப். 2021இல் அதில் 250 ஜிபி சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றைப் பொருத்தி, விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவினேன். இன்று வரைக்கும் என் பிழைப்பு அந்தக் கணினியில்தான் ஓடுகிறது. எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியது வேகம் அல்ல. இயங்குதளத்தை ஒரு டிஸ்க்கிலும் வேலைக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கிலும் பிரித்து வைத்ததுதான்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் பசியாறப் போய்விடுவேன். வந்து உட்கார்ந்த பிறகும் கணினியின் முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். சிபியு சும்மாதான் இருக்கும். காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் ஊசி இடம் மாறி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து மில்லிசெகண்டு போய்விடும், ஆக நொடிக்கு நூறு தடவை படித்தாலே பெரிது. விண்டோஸ் எழுந்து வர இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடிப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் ஒன்றும் இல்லை, நகர்வதற்கும் ஒன்றும் இல்லை. இப்போது பட்டனை அழுத்தி நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

எஸ்எஸ்டியை நம்பலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் ஓர் அறிவிப்பு செய்தது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடுவதாகவும், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்குவதாகவும் அதில் இருந்தது. டிஸ்க் செய்கிறவர்களே எந்தப் பக்கம் போகிறார்கள் என்று அதில் தெரிந்தது. நம் ஊரிலேயே செய்யும் பொருள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்துவிடலாமே, அதாவது முழுதாக நகலெடுத்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை, பாதி நீக்கிய மென்பொருள், எதற்கென்றே தெரியாத பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேர்ந்துதான் வரும். நான் புதிதாக நிறுவுவதைத்தான் சொல்வேன். உரிமம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் இணையத்தில் இணைத்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

புதிதாக நிறுவும்போது தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது எழுத்துருக்களை. இதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. அச்சு வேலையில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள்தான் பாதி. அவை யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால், பத்து வருடத்துக்கு முன் செய்த பத்திரிகையைத் திறந்ததும் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். எழுத்துருக்கள் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பதால், 'என் படங்கள், என் ஆவணங்கள்' என்று மட்டும் நகல் எடுக்கிறவர்களுக்கு அவை போய்விடும். நான் அந்த எழுத்துருக் கோப்புறை முழுவதையும் முதலில் ஒரு விரலியில் (பென்டிரைவில்) எடுத்துக்கொண்டேன். அப்புறம் நான் வடிவமைக்கும் மென்பொருளான கோரல்ட்ராவின் சொந்த டெம்ப்ளேட்டுகள், நிறத் தட்டுகள், பிரிண்டரின் நிற அமைப்புகள். இவ்வளவையும் எடுத்த பிறகுதான் திருப்புளியைத் தொட்டேன்.

எஸ்எஸ்டி இரண்டரை அங்குலம்தான், பழைய பெட்டியில் அதற்கென்று இடம் இருக்காது. கொம்தார் பக்கத்துக் கடையில் தாங்கி ஒன்று வாங்கிக்கொண்டேன். அது இல்லாவிட்டாலும் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டலாம், உள்ளே அசையும் பாகம் ஏதும் இல்லை. எங்கே செருகுகிறோம் என்பதுதான் முக்கியம். எச்81 போர்டில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா போர்ட்டுகள் நான்கு, அவற்றில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். 870 ஈவோ நொடிக்கு 560 எம்பி வரை படிக்கக்கூடியது, அதை மெதுவான போர்ட்டில் செருகினால் பாதி வேகம் வீண். ஹார்ட் டிஸ்க்கோ 3 ஜிகாபிட் போர்ட்டையே நிரப்பாது. அதனால் எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டுக்கும் ஹார்ட் டிஸ்க்கை மெதுவானதுக்கும் மாற்றினேன்.

நிறுவும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே வைத்திருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால், விண்டோஸைப் புது டிஸ்க்கில் போடச் சொன்னாலும், துவக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பூட் பார்டிஷனில் (துவக்கத்துக்கென்று பிரித்த பகுதியில்) கொண்டுபோய் எழுதிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எல்லாம் நன்றாக ஓடும், பழைய டிஸ்க் சாகும் நாள் வரை.

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு இதுதான் நடந்தது. ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி போட்டிருந்தான். போன் பண்ணினான்.

"மாமா, பழைய டிஸ்க் சத்தம் போட்டுச்சுன்னு கழட்டிட்டேன். இப்ப கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. புது டிஸ்க்கும் போயிருச்சா?"

"புதுசுக்கு ஒண்ணும் ஆகலடா. பூட் எல்லாம் பழசுலதான் இருந்திருக்கு. விண்டோஸ் விரலி இருக்கா? எடுத்து வை, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்."

விண்டோஸ் விரலியிலிருந்து துவக்கி, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எஸ்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பார்டிஷன் பிரித்து, பிசிடிபூட் கட்டளையால் துவக்கக் கோப்புகளை அங்கே எழுதிக் கொடுத்தேன். சரியாகிவிட்டது. கேபிளைக் கழற்றி வைத்து நிறுவியிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது.

கேபிள் கழற்றியிருந்தால் நிறுவும் திரையில் எஸ்எஸ்டியும் விரலியும் மட்டும்தான் தெரியும். எதை அழிக்கிறோம் என்ற குழப்பமே வராது. துவக்க மெனுவில் விரலியின் பெயர் இரண்டு முறை வந்தால் யுஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டியில் பார்டிஷன் எதையும் நீங்களே போடாதீர்கள். காலி இடத்தைக் காட்டி அடுத்தது என்று கொடுத்தால், துவக்கக் கோப்புகளுக்கான 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷன் உட்படத் தேவையானதை அதுவே பிரித்துக்கொள்ளும். முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, வேலைக் கோப்புகள் இருந்த பார்டிஷனுக்குப் பழையபடி டி என்றே பெயர் கொடுத்தேன். கோரல்ட்ரா கோப்புகளில் இணைத்திருந்த படங்கள் எல்லாம் அதே பாதையில் கிடைத்தன. பழைய சி பார்டிஷனை மட்டும் உடனே அழிக்கவில்லை. சில மாதம் அப்படியே விட்டு, அதில் தேட ஒன்றுமே இல்லை என்று நிச்சயமான பிறகுதான் அழித்தேன்.

அதன் பிறகு வருடக்கணக்கான பயன்பாடு. தைப்பூசத்துக்கு முன்பு தண்ணீர்மலைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற குழுக்களின் நோட்டீஸும் பேனரும் ஒரே நேரத்தில் குவியும். பேனர் கோப்புகள் பெரியவை. முன்பு ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்றைத் தொட முடியாது. இப்போது மூன்று நான்கு கோப்பைத் திறந்து வைத்து மாற்றி மாற்றி வேலை செய்கிறேன். அந்த நாட்களில் நடக்கும் வேலையை மட்டும் எஸ்எஸ்டியில் வைத்து, டெலிவரி கொடுத்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திவிடுவேன். எஸ்எஸ்டி எதையெல்லாம் மாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பேனரை பிடிஎஃப் ஆக்கும்போது உழைப்பது சிபியு, அதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் 8 ஜிபி ராம் இன்றும் திணறத்தான் செய்கிறது.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து அதை வாங்காமல் இருக்கிறவர்களை நான் பார்க்கிறேன். இந்த 250 ஜிபி டிரைவுக்கு நிறுவனம் தருவது 5 வருடம் அல்லது 150 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். தினமும் சுமார் 82 ஜிபி எழுதினால்தான் ஐந்து வருடத்தில் அந்த அளவை எட்டலாம். இத்தனை அச்சு வேலை செய்யும் என் டிரைவே அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அவ்வப்போது பார்க்கிறேன். சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக் மென்பொருள் எதையும் போடாதீர்கள். விண்டோஸே வாரம் ஒருமுறை ட்ரிம் செய்கிறது, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அது போதும். ஆனால் ட்ரிம்முக்கு இன்னொரு முகம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்டெடுக்க ஓரளவு வாய்ப்பு இருக்கும். எஸ்எஸ்டியில் ட்ரிம் ஓடிவிட்டால் கோப்பு போனது போனதுதான். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல, நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். காப்பு நகல்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். யுபிஎஸ் ஒன்றும் அவசியம். இடி மின்னல் வந்தால் இங்கே மெயின் சுவிட்ச் விழுவது சாதாரணம்.

நடுவில் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகி, கெட்ட செக்டர்கள் கூடி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. புது ஹார்ட் டிஸ்க் வாங்கி, கோப்புகளை இரவோடு இரவாக நகலெடுத்து, அதே டி என்ற எழுத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல வேலை. விண்டோஸுக்கு எதுவும் தெரியாது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் கேட்கிறது. என் கணினிக்கு அது இல்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வேகமான போர்ட்டில் இன்னொரு சின்ன எஸ்எஸ்டியைச் செருகி, லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. இப்போதும் மற்ற இரண்டு டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றித்தான் வைத்தேன். மின்ட்டும் வேறு டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷனில் போய்த் தன் துவக்கியை எழுதக்கூடியதுதான். கணினி எழும்போது துவக்க மெனுவுக்கான விசையை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கிறேன். வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் மின்ட்டில். விண்டோஸ் பக்கம் இணையம் இல்லை, அது கோரல்ட்ராவுக்கு மட்டும்.

இப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (முழுதாக அணையாமல் வைத்து வேகமாக எழுப்பும் வசதியை) அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைப் பாதி உறக்கத்தில் விட்டுப் போகும். மின்ட்டில் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், ஆனால் எதையும் சேமிக்க முடியாது. தமிழ்99 விசைப்பலகை மின்ட்டிலும் கிடைக்கிறது. விரலியில் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய எழுத்துருக்களும் இரட்டை க்ளிக்கில் நிறுவிக்கொண்டன. யூனிகோடில் வரும் புது நோட்டீஸ்களை இப்போது ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து பார்க்கிறேன். 1.6 பதிப்பில் கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன. பழைய வாடிக்கையாளர்களின் பாமினி கோப்புகள் மட்டும் இன்னும் கோரல்ட்ராவில்தான் இருக்கின்றன, மறுபடி ஆர்டர் வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.